'நல்லாத்தானே நடக்கிறார், இவருக்கு எதுக்கு ஊனமுற்றோர் பென்ஷன்?': புகார் கொடுக்கும் முன் கேரளத்தின் 1,458 பேர் பட்டியலைப் பாருங்கள்

2024 நவம்பர் கடைசியில் கேரள நிதித்துறை ஒரு எண்ணை வெளியிட்டது: 1,458. ஏழைகளுக்கான சமூகப் பாதுகாப்புப் பென்ஷனை வாங்கிக்கொண்டிருந்த அரசு ஊழியர்களின் எண்ணிக்கை அது. முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள், விவசாயத் தொழிலாளர்கள் போன்றவர்களுக்கு மாதம் 1,600 ரூபாய் கொடுக்கும் திட்டம் (2025 நவம்பர் முதல் 2,000 ரூபாய்). மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியருக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் பங்கில்லை.

பட்டியலில் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர்கள் 2 பேர், மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் 3 பேர் இருந்தனர். சுகாதாரத் துறையில் 373 பேர், பொதுக் கல்வித் துறையில் 224, மருத்துவக் கல்வியில் 124, ஆயுர்வேதத்தில் 114, கால்நடைத் துறையில் 74. கூட்டிப் பார்த்தால், சுகாதாரம், மருத்துவக் கல்வி, ஆயுர்வேதம் ஆகிய மூன்று துறைகளில் மட்டும் 611 பேர். அதாவது பத்தில் நான்கு பேர்.

செய்தி வந்ததும் கோபம் வந்தது. அது நியாயமான கோபம். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில்தான் கேரளத்தில் மாதக்கணக்கில் பென்ஷன் பாக்கி நின்றது. 2023 நவம்பரில் இடுக்கி மாவட்டம் அடிமாலியில் வயதான இரண்டு பெண்கள், பென்ஷன் வரவில்லை என்று தெருவில் பிச்சை எடுத்துப் போராடினார்கள்.

ஆனால் அந்தக் கோபத்தோடு இன்னொரு கேள்வியும் வந்தது. 'எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறாரே, பார்த்தால் நல்லாத்தானே இருக்கிறார், அவர் மேல் புகார் கொடுக்கலாமா?' இந்த விளக்கக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது.

முதலில்: அந்த 1,458 பேர் எப்படி மாட்டினார்கள்?

யாரும் யாரையும் கண்ணால் பார்த்து, 'இவருக்குக் கால் சரியாக இருக்கிறதே' என்று சொல்லிக் கண்டுபிடிக்கவில்லை. நிதித்துறை கேட்டுக்கொண்டதன்பேரில் 'இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன்' என்ற அரசு நிறுவனம் ஆய்வு நடத்தியது. அரசு ஊழியர்களின் சம்பள விவரம் ஒரு கணினி அமைப்பில் இருக்கிறது, பென்ஷன் பயனாளிகளின் விவரம் 'சேவனா' என்ற வேறொரு அமைப்பில் இருக்கிறது. இரண்டிலும் ஒரே ஆள் இருந்தால் அது தகுதியில்லாத பென்ஷன். இதில் உடல்நிலை பற்றிய கேள்வியே இல்லை. அவருக்கு உண்மையிலேயே 60 சதவீதக் குறைபாடு இருக்கலாம், அப்படியிருந்தாலும் அரசுச் சம்பளம் வாங்கினால் இந்தப் பென்ஷனுக்குத் தகுதி கிடையாது.

இது முதல் தடவையும் இல்லை. 2017-18 முதல் 2019-20 வரையிலான காலத்தை ஆய்வு செய்த சிஏஜி, அரசு ஊழியர்களும் அரசு ஓய்வூதியர்களுமாக 9,201 பேர் இப்படிப் பணம் வாங்கியதாகவும், அந்தத் தொகை 39.27 கோடி ரூபாய் என்றும் சொல்லியிருந்தது.

அதே 2024-ல் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் நகராட்சியின் 7-வது வார்டில் 42 பயனாளிகளைச் சோதித்ததில் 38 பேர் தகுதியில்லாதவர்கள். பிஎம்டபிள்யூ கார் வைத்திருந்தவர்கள், ஏசி வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் அதில் அடக்கம். நிதியமைச்சர் கே.என்.பாலகோபால் லஞ்ச ஒழிப்பு விசாரணைக்கு உத்தரவிட்டார். பென்ஷன் வாங்கியவர்கள் மட்டுமல்ல, வருமானச் சான்றிதழ் கொடுத்த, பென்ஷனை அனுமதித்த அதிகாரிகளும் அந்த விசாரணையில் வந்தார்கள். 42-ல் 38 என்பது ஏதோ நாலு பேர் பொய் சொன்னதால் வரும் கணக்கு இல்லை. கையெழுத்துப் போட்டவர்கள் இல்லாமல் அது நடக்காது.

இந்த மோசடி எவ்வளவு பெரியது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,458 பேருக்கு மாதம் 1,600 வீதம் சுமார் 23 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 கோடி. கேரளத்தில் மொத்தப் பயனாளிகள் சுமார் 62 லட்சம் பேர். அதாவது 10,000 பயனாளிகளில் இரண்டு பேருக்குச் சற்று மேல்.

இந்த எண்ணை வைத்து 'மோசடியே இல்லை' என்று முடிவுகட்ட முடியாது. இது அரசு ஊழியர்களை மட்டும் பிடித்த வலை. கோட்டக்கல்லில் மாட்டியவர்கள் வேறு ரகம். ஆனால் 'பென்ஷன் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் போலி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பேச்சுக்கும் இதில் ஆதாரம் இல்லை.

எதிர்ப்பக்கக் கணக்கு இதைவிடப் பெரியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் சென்று சேர்வது சுமார் 10 லட்சம் பேரை. கிட்டத்தட்ட 25 பேரில் ஒருவர். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும் என்பது விதி. கிடைப்பதோ மாதம் 300 ரூபாய், அதுவும் 2012-க்குப் பிறகு ஏறவே இல்லை. மீதியை மாநிலங்கள்தான் போட்டுக் கொடுக்கின்றன. தகுதியில்லாதவர் உள்ளே இருப்பதைவிட, தகுதியுள்ளவர் வெளியே நிற்பது பல மடங்கு அதிகம். நம் கண்ணுக்குத் தெரிவது மட்டும் முதல் வகை.

கண்ணால் பார்த்தால் தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. 1995-ம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்தது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. புதிதாக வந்தவற்றில் தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் நோய், பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எல்லாம் உண்டு. மனநோய் 1995 சட்டத்திலேயே இருந்தது. இவற்றில் எதையும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர் திங்கட்கிழமை படியேறி வருவார், வியாழக்கிழமை படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமல் போகும். பார்வைக் குறைபாடு உள்ளவர் போனை முகத்துக்கு அருகில் வைத்து மெசேஜ் படிப்பார், எதிரே வரும் பஸ்ஸின் பலகை அவருக்குத் தெரியாது. காது கேளாதவர் பைக் ஓட்டுவார். இதில் ஒன்றுகூட மோசடிக்கு ஆதாரம் இல்லை.

பிரிட்டனில் இதை எண்களாகவே பார்க்கலாம். அரசு உதவித்தொகை மோசடி பற்றிப் பொதுமக்களே தகவல் கொடுக்க அங்கே தனி ஹாட்லைன் உண்டு. 2010-க்கும் 2015-க்கும் இடையே பொதுமக்கள் கொடுத்த தகவல்களில் விசாரித்து முடிக்கப்பட்டவை 10,41,219. தகவல் உரிமைச் சட்டத்தில் 'அப்சர்வர்' வார இதழ் வாங்கிய விவரப்படி, அவற்றில் 8,87,468 புகார்களில் மோசடிக்குப் போதிய ஆதாரமோ, எந்த ஆதாரமுமோ கிடைக்கவில்லை. அதாவது 85 சதவீதம். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான முக்கிய உதவித்தொகையில் 2023-24-ல் நடந்த மோசடி அரை சதவீதத்துக்கும் கீழே என்பது அரசின் சொந்த மதிப்பீடு.

அந்த எட்டே முக்கால் லட்சம் புகார்களைக் கொடுத்தவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. பலர் மனதார நம்பித்தான் கொடுத்திருப்பார்கள். அவர்களிடம் இருந்தது சந்தேகம், தகவல் இல்லை. அவ்வளவுதான்.

எந்தச் சலுகைக்கு எந்தத் தகுதி?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். 'மாற்றுத்திறனாளி சலுகை' என்பது ஒரே பெட்டி இல்லை. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு.

- யூடிஐடி அட்டை: குறைபாடு இருப்பதற்கான அடையாளம் மட்டுமே. வெள்ளை என்றால் 40 சதவீதத்துக்குக் கீழே, மஞ்சள் என்றால் 40 முதல் 80-க்குள், நீலம் என்றால் 80-ம் அதற்கு மேலும். கோடீஸ்வரர்கூட வாங்கலாம், தப்பில்லை.
- அரசு வேலையில் 4 சதவீதம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடு: குறைந்தது 40 சதவீதக் குறைபாடு வேண்டும். வருமானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
- வருமான வரிக் கழிவு (பிரிவு 80யூ): 75,000 ரூபாய், கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 ரூபாய். பழைய வரிமுறையில்தான். வருமானம் இருக்கிறவருக்குத்தான் இது தேவையே.
- கேரளத்தின் மாதப் பென்ஷன்: 40 சதவீதக் குறைபாட்டோடு வருமான வரம்பும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. நிலம், வீட்டின் அளவு, கார் ஆகியவற்றுக்கும் வரம்பு இருக்கிறது.

ஆகவே, 'கார்ல வர்றார், ரயில்ல கன்செஷன் டிக்கெட் எடுக்கிறார்' என்பது மோசடியே இல்லை. 'சின்னதாக ஒரு வேலை பார்க்கிறார், ஆனால் பென்ஷன் வாங்குகிறார்' என்பதும் தானாக மோசடி ஆகாது. கேரளத்தின் பென்ஷன் 'வேலை செய்ய முடியாதவர்' என்று பார்த்துக் கொடுப்பதில்லை, குறைபாட்டையும் வருமானத்தையும் பார்த்துக் கொடுப்பது. லாட்டரிச் சீட்டு விற்றுக் கொஞ்சம் சம்பாதிப்பவருக்கும் அது உரியதாக இருக்கலாம்.

ஆலுவாவில் மூன்று சூழல்கள்

மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து, ஆலுவாவில் வீடு எடுத்துத் தங்கி, காக்கநாடு இன்ஃபோபார்க்குக்குத் தினமும் போய்வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே வருபவை கற்பனைச் சூழல்கள். ஆனால் முடிவெடுக்கும் வழி நிஜத்துக்கும் பொருந்தும்.

ஒன்று. கீழ்வீட்டுச் சேட்டனுக்குக் கூட்டுறவு வங்கி ஊழியர் வந்து பென்ஷன் கொடுத்துவிட்டுப் போகிறார். 'கால் வயலு, அதான்' என்று சேட்டன் உங்களிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் சாயங்காலம் ஸ்கூட்டரில் மார்க்கெட் போவதைப் பார்க்கிறீர்கள். உங்களிடம் இருப்பது அவர் உடம்பைப் பற்றிய ஒரு அபிப்பிராயம். அதைச் சோதிக்க வேண்டியது மருத்துவ வாரியம், நீங்கள் இல்லை. இங்கே புகார் கொடுக்க எதுவுமில்லை.

இரண்டு. எதிர்வீட்டில் மனைவி அரசுப் பள்ளியில் நிரந்தர ஆசிரியை. கணவர் பெயரில் ஊனமுற்றோர் பென்ஷன் வருகிறது. இருவரும் ஒரே குடும்பமாக வாழ்வது ஊருக்கே தெரியும். இங்கே உடம்பைப் பற்றிய கேள்வியே எழவில்லை. அவருக்குக் குறைபாடு உண்மையாகவே இருக்கலாம். கேள்வி குடும்ப வருமானம் பற்றியது, சம்பளப் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். இது சரிபார்க்கக்கூடிய தகவல். இதைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மூன்று. உங்கள் நண்பர் ஒருவர் ஸ்கூட்டரில் விழுந்து, கையில் லேசாக அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். வாசலில் ஒரு ஏஜென்ட், 'பைசா கொடுத்தால் 45 சதவீதம் போட்டு சர்டிஃபிகேட் வாங்கித் தரேன்' என்கிறார். இந்த மூன்றில் கட்டாயம் சொல்ல வேண்டியது இதைத்தான். ஒரு போலிப் பயனாளியைப் பிடித்தால் ஒரு பென்ஷன் நிற்கும், ஏஜென்டையும் அவருக்குக் கையெழுத்துப் போடுகிறவரையும் பிடித்தால் வரிசையாக வரப்போகும் பல போலிகள் நிற்கும். கோட்டக்கல் வார்டு காட்டுவதும் இதையே.

உடம்பு பற்றிய சந்தேகம் என்றால் விட்டுவிடலாம். ஆவணம் பற்றிய தகவல் என்றால் யோசித்துச் சொல்லலாம். லஞ்சம் என்றால் தயங்காமல் சொல்லலாம்.

இடஒதுக்கீடு விஷயம் மட்டும் ஏன் வேறு?

பூஜா கேட்கர் விவகாரத்தை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2022 குடிமைப் பணித் தேர்வில் ஓபிசி, மாற்றுத்திறனாளி ஒதுக்கீடுகளில் தேர்வாகி ஐஏஎஸ் பயிற்சிக்கு வந்தவர். 2024 ஜூலையில் புனேயில் சொந்த ஆடி காரில் சைரன் விளக்கு வைத்த சர்ச்சையில் தொடங்கி, அவரது சான்றிதழ்கள் மீது கேள்வி எழுந்தது. ஜூலை 31-ம் தேதி யுபிஎஸ்சி அவரது தேர்வை ரத்து செய்தது, பெயர் விவரங்களை மாற்றிக் கூடுதல் முறை தேர்வு எழுதினார் என்பது அதற்குச் சொன்ன காரணம். செப்டம்பர் 6-ம் தேதி மத்திய அரசு அவரைப் பணியிலிருந்து விடுவித்தது. அவர் குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு முன்ஜாமீன் கொடுத்தது.

பென்ஷனில் ஒரு தகுதியில்லாதவர் நுழைந்தால் நஷ்டம் அரசுக் கஜானாவில் பரவிப்போகிறது. ஒதுக்கீட்டு இடத்தில் நுழைந்தால், அந்தப் பட்டியலில் அடுத்து இருந்த ஒரே ஒரு நபர் நேரடியாக வெளியே போகிறார். பல ஆண்டு படித்து, கோச்சிங் சென்டரில் படியேற முடியாமல் ஏறி, தேர்வு எழுத உதவியாளரைத் தேடி அலைந்த ஒரு மாற்றுத்திறனாளியின் இடம் அது. அதனால் இங்கே வலுவான ஆதாரம் இருந்தால் சும்மா இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். சான்றிதழ் உண்மையா என்று சோதிக்கும் அதிகாரமோ வசதியோ தன்னிடம் இல்லை என்று யுபிஎஸ்சியே அப்போது சொன்னது. தகுதியான அதிகாரி கொடுத்ததா, தேதி சரியா என்று மேலோட்டமாகப் பார்ப்பதோடு அதன் வேலை முடிகிறது. ஓட்டை எங்கே இருக்கிறது என்பது இதில் தெரிகிறது.

ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு என்ன நடந்தது என்பதும் முக்கியம். சமூக ஊடகங்களில் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் வந்த மற்ற அதிகாரிகளின் படங்களையும் வீடியோக்களையும் போட்டு, 'இவருக்கு என்ன குறை?' என்று கேட்கத் தொடங்கினார்கள். தெலங்கானாவின் மூத்த ஐஏஎஸ் அதிகாரி ஸ்மிதா சபர்வால், இந்தப் பணிக்கு மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு எதற்கு என்ற பொருளில் பதிவிட்டுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். ஒரு நபர் மீதான சந்தேகம் ஒரு வாரத்துக்குள் ஒரு சமூகத்தின் மீதான சந்தேகமாக மாறிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 சட்டத்தின் பிரிவு 91: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கான சலுகையை மோசடியாகப் பெற்றாலோ, பெற முயன்றாலோ 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலி ஆவணம் தயாரித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் ஏமாற்று, போலி ஆவணப் பிரிவுகளும் சேரும்.

அடுத்த பிரிவையும் படியுங்கள். பிரிவு 92: பொது இடத்தில், மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தாலோ மிரட்டினாலோ குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும். மோசடி செய்தவருக்கான அதிகபட்சத் தண்டனையைவிட இது அதிகம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நிறுத்தி, 'எங்கே, நடந்து காட்டுங்க' என்று கேட்பவர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பொய் என்று தெரிந்தே, ஒருவருக்குக் கெடுதல் செய்வதற்காக அரசு அதிகாரியிடம் தகவல் கொடுத்தால் நியாய சன்ஹிதா பிரிவு 217-ன்கீழ் ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் போட்டு 'போலி' என்று எழுதினால் பிரிவு 356, அவதூறு. நல்லெண்ணத்தோடு, தெரிந்ததை மட்டும், உரிய அதிகாரியிடம் சொல்பவர் இவற்றுக்குப் பயப்படத் தேவையில்லை.

தப்பாகிவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?

மறுபடியும் அடிமாலிக்கு வருவோம். பிச்சை எடுத்துப் போராடிய இரு பெண்களில் ஒருவருக்கு நிலமும் வீடுகளும் இருப்பதாக மார்க்சிஸ்ட் கட்சியின் நாளிதழான 'தேசாபிமானி' எழுதியது. அவர் கிராம அலுவலகத்துக்குப் போய், தன் பெயரில் நிலமில்லை என்று சான்றிதழ் வாங்கி வந்து காட்டினார். நாளிதழ் வருத்தம் தெரிவித்தது. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர், தான் ஏழைதான் என்பதைச் சான்றிதழ் வாங்கி நிரூபிக்க வேண்டியிருந்தது. அவர் விஷயம் செய்தியானதால் திருத்தமும் வந்தது. எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை.

இயந்திரம் செய்தால் சரியாக இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. ஹரியானாவில் 102 வயது முதியவர் ஒருவர் அரசுக் கணினியில் 'இறந்தவர்' ஆகிவிட்டார், பென்ஷன் நின்றது. 2022 செப்டம்பரில் அவர் ரோத்தக்கில் மாப்பிள்ளை ஊர்வலம் போல் வண்டியில் ஏறிப் போய்த் தான் உயிரோடு இருப்பதைக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்ற திட்டம், வருமான வரி விவரத்தையும் உதவித்தொகை விவரத்தையும் தவறான கணக்கில் ஒப்பிட்டு லட்சக்கணக்கானோருக்குக் 'கடன்' நோட்டீஸ் அனுப்பியது. 2020-ல் அரசு சுமார் 4.7 லட்சம் கடன்களை ரத்து செய்து 72 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. 2023-ல் வந்த ராயல் கமிஷன் அறிக்கை அந்தத் திட்டத்தைக் கடுமையாகச் சாடியது.

தரவுகளை ஒப்பிடுவது சந்தேகத்தின் தொடக்கமாக இருக்கலாம், தீர்ப்பாக இருக்கக் கூடாது. கேரளத்தின் 1,458 பேரும் ஒரே மாதிரி இல்லை. மண் பாதுகாப்புத் துறையில் முதலில் இடைநீக்கம் செய்யப்பட்ட 6 பேரில் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர்களும் இருந்தார்கள். வாங்கிய பணத்தை 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் உதவிப் பேராசிரியருக்கும் பகுதிநேரத் துப்புரவாளருக்கும் அந்த வட்டி ஒரே எடை இல்லை.

ஆபீஸில் தெரிந்த விஷயம் என்றால்?

நீங்கள் எச்.ஆர். துறையிலோ, வங்கியிலோ, மருத்துவமனையிலோ, காப்பீட்டு நிறுவனத்திலோ வேலை பார்க்கலாம். சக ஊழியரின் சான்றிதழ் வேலை நிமித்தமாக உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அது உங்களை நம்பிக் கொடுக்கப்பட்ட மருத்துவ விவரம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்புவது தனித் தவறு, சான்றிதழ் போலியாகவே இருந்தாலும். அதன் எண், கொடுத்த அலுவலகம், முத்திரை ஆகியவற்றில் முரண்பாடு தெரிந்தால், எழுத்து மூலம் நிறுவனத்தின் உரிய பிரிவுக்குச் சொல்லுங்கள். சான்றிதழ் கொடுத்த அலுவலகத்திடம் நிறுவனமே உறுதி கேட்க முடியும். 'அவருக்கு மட்டும் ஒர்க் ஃப்ரம் ஹோம் கிடைக்குது' என்பது முரண்பாடு இல்லை, பொறாமை.

சரி, யாரிடம் சொல்வது?

கேரளத்தில் பென்ஷனை அனுமதிப்பது உள்ளாட்சி அமைப்பு. ஆலுவா என்றால் நகராட்சிச் செயலாளர், கிராமம் என்றால் ஊராட்சிச் செயலாளர். சான்றிதழில் கோளாறு என்றால் மாவட்ட மருத்துவ அலுவலர், எர்ணாகுளத்துக்குக் காக்கநாட்டில் உள்ள மாவட்ட சமூக நீதி அலுவலகம். லஞ்சம், ஏஜென்ட் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064 எண்.

தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு. பராமரிப்பு உதவித்தொகை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். லஞ்சம் என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. ஒதுக்கீட்டு வேலை என்றால் பணி நியமனம் செய்த அலுவலகத்தின் கண்காணிப்புப் பிரிவு.

ஒரு நபரைக் குறிவைக்காமலும் கேள்வி கேட்கலாம். மானியத் திட்டங்களை எப்படி நடத்துகிறார்கள், யாருக்குப் போகிறது என்ற விவரத்தை அரசு அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 4. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது தகுதி மறுஆய்வு நடந்தது, எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள், நீக்கும் முன் அவர்களிடம் விளக்கம் கேட்கப்பட்டதா, தகுதியிருந்தும் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கோட்டக்கல் மாதிரி வார்டுகளை இந்தக் கேள்விகள் வெளியே கொண்டுவரும். ஒரு தனி மனிதரின் உடம்பை யாரும் எடைபோட வேண்டிவராது.

புகாரில் என்ன எழுதுவது?

முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் அரைப் பக்கம் போதும். எந்தச் சலுகை, உங்களுக்குத் தெரிந்த உண்மை என்ன, அது எப்படித் தெரியும், எந்தப் பதிவேட்டைப் பார்த்தால் அதை உறுதி செய்யலாம். அவர் எப்படி நடக்கிறார், எப்படிச் சிரிக்கிறார், எந்தக் கல்யாணத்தில் ஆடினார் என்பதெல்லாம் வேண்டாம். பதிவேடு எதையும் குறிப்பிட முடியவில்லை என்றால், உங்களிடம் புகார் இல்லை, சந்தேகம்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசி வரியை மட்டும் யோசித்து எழுதுங்கள். 'இவரது பென்ஷனை நிறுத்துங்கள்' என்று எழுதாதீர்கள். 'இந்த விவரத்தைச் சரிபார்த்து, அவரது விளக்கத்தையும் கேட்டு முடிவெடுங்கள், முடிவு தெரியும் வரை பணத்தை நிறுத்த வேண்டாம்' என்று எழுதுங்கள். நீங்கள் சொன்னது சரி என்றால், தப்பாகப் போன பணத்தை அரசு பிறகு வட்டியோடு வசூலித்துக்கொள்ளும். தப்பு என்றால், அந்த வீட்டில் அந்த மாதமும் அரிசி வாங்கப் பணம் இருக்கும்.